காற்றறிந்து கடல் கடத்தல்

இராமநாதபுரம் மாவட்டத்தின் கீழ்க்கோடியில் இராமேசுவரத் தீவு உள்ளது. இதன் வடபால் பாக் விரிகுடாவும் தென்பால் மன்னார் வளைகுடாவும் அமைந்துள்ளன. ஆழங்குறைந்த வடகடலைப் பெண்கடல் என்றும், ஆழமிக்க தென்கடலை ஆண்கடல் என்றும் இப்பகுதி மீனவர் வழங்குவர். இக்கடல்களில் தீவுகள் பல உள. திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்தார். தீவுகளுக்குச் செல்ல விழைவோரும் இம்மூன்றனையும் அறிதல் வேண்டும்.

அவற்றுள் இடத்தை முதலிற் காண்போம். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றால் வடகடல் கொந்தளிக்கும். நீர் ஆழமற்றதாதலின், அலைகள் நெருங்கி எழுந்து படகை அலைக்கழிக்கும். ஆனி, ஆடித் திங்களில் தென்மேற்குக் காற்றால் தென்கடல் சீறும். அப்போது வடகரையோரம் நிலத்தின் மறைவால் ஓரளவு அடங்கியிருக்கும். ஆதலின், ஒரு கரையில் நின்று மறுகரைக் கடலின் இயல்பைக் கூறுதல் இயலாது.

இனி, காலம். 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இலங்கைக்கு உரியதாகிய கச்சத்தீவில் புனித அந்தோணியார் கோயில் உள்ளது. அவர்தம் திருநாள் சூன் 13 ஆகும். ஆயினும், இத்தீவின் பெருவிழா பிப்ரவரி, மார்ச்சுத் திங்களிலேயே நிகழ்கிறது. வாடை ஓய்ந்து, தென்மேற்குக் காற்றுத் தொடங்காத இடைக்காலம் அது. படகிற் செல்வார்க்கு அதனினும் ஏற்ற காலம் அரிது.

மூன்றாவது, வலி. விழாவிற்குச் செல்வோர் பெயர்களை முன்னரே பதிவு செய்வர். படகுகளை அதிகாரிகள் ஆராய்வர். அளவிற்கு மிஞ்சி ஆளேற்றின், நல்ல படகும் கவிழும். உயிர்காப்பு மேலாடை அனைவர்க்கும் வேண்டும். கச்சத்தீவில் குடிநீர் கிடைத்தல் அரிது. காற்று மிகுந்தால் திரும்புதலும் தாமதமாகலாம். ஆகவே, ஒரு நாள் மிகுதிக்கு நீரும் உணவும் கொள்ளுதல் அறிவுடைமை.

1914ஆம் ஆண்டு முதல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல் சென்று வந்தது. 1964ஆம் ஆண்டு திசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயல் அத்துறையை அழித்தது. பயணிகளோடு வந்த தொடர்வண்டியையும் கடல் கொண்டது. கரையிலிருந்தோர்க்கே அந்நிலை எனின், நடுக்கடலில் சிறு படகின் நிலை யாதாகும்?

மாணவர்களே, பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படின், படகோட்டி கட்டவிழ்க்க மறுப்பான். நேர்த்திக்கடன் என்றும், கொடுத்த பொருள் வீணாகும் என்றும் கூறி அவனை வற்புறுத்தல் தகாது. விழா மீண்டும் வரும். போன உயிர் வாராது. செல்லும் துணிவினும் நிற்கும் துணிவே கடலில் பெரிது.