சாணவண்டும் உழவும்

இழிந்ததென்று நாம் மூக்கைப் பொத்தி விலகிச் செல்லும் பொருள்களிலும், பொறுமையோடு ஆராய்வார்க்குப் பெரும்பயன் மறைந்து கிடப்பதுண்டு. மாட்டுச் சாணத்தை உருண்டையாகத் திரட்டி, தலைகீழாக நின்று பின்னங்கால்களால் உருட்டிச் செல்லும் கரிய வண்டு அதற்கொரு சான்று. இதனைச் சாணவண்டு என்றும் பீயுருட்டி என்றும் நாட்டுப்புறத்தார் வழங்குவர். மழைக்குப் பின்னர் மேய்ச்சற் புறங்களில் இதனைக் கண்டிராத மாணவர் மிகச் சிலரே. இவ்வண்டைப் பண்டை எகிப்தியர் எவ்வாறு மதித்தனர், உழவுக்கு இஃது எங்ஙனம் துணைபுரிகின்றது, திண்டிவனத்தைச் சூழ்ந்த நம் வட்டாரத்தில் இதனைப் பற்றி நாம் அறியவேண்டுவது யாது என்னும் மூன்றையும் ஈண்டு முறையே ஆராய்வாம்.

20-ஆம் நூற்றாண்டில் அசுவான் அணைகள் எழும்வரை, நைல் ஆறு ஆண்டுதோறும் பெருகி, கரிய வண்டலைக் கரைநிலத்திற் பரப்பி வடிந்துகொண்டிருந்தது. அவ்வண்டலே எகிப்தியரின் சோறும் வாழ்வுமாயிற்று. அந்நிலத்தில் வண்டு உருண்டையை உருட்டுவதும், அதனை மண்ணுட் புதைப்பதும், பின்னர் அம்மண்ணினின்றே புதிய வண்டு வெளிப்படுவதும் அவர்கள் கண்ணிற் பட்டன. காணா ஆற்றலொன்று கதிரவனை வானத்தில் இவ்வாறே உருட்டுகின்றது என்று அவர்கள் கருதினர். காலைக் கதிரவனைக் கெப்ரி என்னும் தெய்வமாக வண்டு வடிவில் வழிபட்டனர். அவர்களது எழுத்தில் வண்டின் உருவம் ‘உண்டாதல்’ என்னும் பொருளைக் குறித்தது. 1922-ல் கண்டெடுக்கப்பட்ட கல்லறைக்குரிய தூத்தன்காமன் என்னும் அரசனின் முடிசூட்டுப் பெயரிலும் இவ்வண்டெழுத்து உண்டு.

கல்லிலும் சுட்ட பொருளிலும் வண்டுருவங்கள் செய்து, அவற்றின் தட்டையான அடிப்புறத்தில் எழுத்துப் பொறித்து, முத்திரையாகவும் காப்பாகவும் அணிந்தனர். இறந்தோர் மார்பின்மீது பெரிய கல்வண்டு வைக்கப்பெற்றது. மறுமை நீதிமன்றத்தில் நெஞ்சம் தனக்கு எதிராகச் சான்று கூறாதிருக்க வேண்டுமென்னும் வேண்டுகோள் அதில் எழுதப்பட்டிருக்கும். கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் அமென்ஹோத்தெப், தன் ஆட்சியின் முதற் பத்தாண்டில் 102 சிங்கங்களை வேட்டையாடிய செய்தியை இத்தகைய வண்டுகளிற் பொறித்துப் பரப்பினான். நாம் செய்தித்தாள் கொண்டு செய்வதை அவன் வண்டு கொண்டு செய்தான் எனலாம்.

உருட்டப்படும் உருண்டைக்குள்ளே முட்டை உளதென்றும், இவ்வினத்திற் பெண்ணே இல்லையென்றும் முன்னோர் பலர் நம்பினர். பிரெஞ்சு நாட்டுப் பூச்சியியலறிஞர் பாபர் பல்லாண்டுகள் வெயிலிற் காத்திருந்து உண்மையைக் கண்டார். வெளியே நாம் காணும் உருண்டை பெரும்பாலும் வண்டின் உணவே. முட்டைக்குரிய திரளையைத் தாய்வண்டு நிலத்தடி அறையில் வைத்துப் பேரிக்காய் வடிவிற் பிசைந்து, அதன் குறுகிய கழுத்தில் ஒரே முட்டையை இடுகின்றது. காற்றுப் புகுதற்கும், உள்ளிருக்கும் சாணம் உலராமைக்கும் அவ்வடிவம் ஏற்றதாம்.

இனி உழவுக்கு வருவோம். சாணவண்டுகள் மூவகைத் தொழிலின. சில உருட்டிச் சென்று புதைக்கும். சில சாணத்தின் கீழேயே சுரங்கம் தோண்டிச் சேமிக்கும். சில சாணத்தினுள்ளேயே உறையும். வெயிலிற் காய்ந்து கிடக்கும் சாணம் தன் தழைச்சத்தின் ஒரு பகுதியைக் காற்றில் இழந்துவிடும். வண்டு புதைத்த சாணமோ வேருக்கு எட்டும் உரமாகும். வண்டின் சுரங்கங்கள் வழியாக மழைநீரும் காற்றும் மண்ணுட் செல்லும். சாணம் விரைவில் மறைவதால், அதில் முட்டையிடும் ஈக்களும், மாட்டின் குடற்புழுக்களும் பெருகுதற்கு இடமின்றிப் போகும். கூலி கேளாத இவ்வுழவன் ஏர் பிடிப்பதுமில்லை. எரு சுமக்கும் வண்டி தேடுவதுமில்லை.

இதற்கு ஆஸ்திரேலிய நாடே பெருஞ்சான்று. 1788-ல் ஐரோப்பியர் அங்கு மாடுகளைக் கொண்டு சென்றனர். அந்நாட்டு வண்டுகளோ கங்காருவின் சிறிய உலர்ந்த புழுக்கைக்குப் பழகியவை. மாட்டுச் சாணத்தைப் பெரிதும் தொடவில்லை. சாணம் மாதக்கணக்கிற் கிடந்து புல்லை அழித்தது, ஈக்கள் மொய்த்தன. அங்கேரியிற் பிறந்த போர்னெமிசா என்னும் அறிஞரின் தூண்டுதலால் அயல்நாட்டுச் சாணவண்டுகள் 1968 முதல் அங்கே விடப்பட்டன. ஒரு கண்டமே பொருள் செலவிட்டு வரவழைத்த செல்வம், நம் மேய்ச்சற் புறத்தில் அழையாமலே உழைக்கின்றது.

ஆயினும் இக்குடும்பத்தார் அனைவரும் நண்பரல்லர். நம் வட்டாரம் மணிலாக்கொட்டைக்குப் பெயர்பெற்றது. இங்குள்ள ஆராய்ச்சி நிலையம் 1940-ல் வெளியிட்ட டி.எம்.வி. 2 முதலிய மணிலா வகைகள் இவ்வூர்ப் பெயரின் எழுத்துக்களையே தாங்கியுள்ளன. அம்மணிலாவின் வேரைத் தின்று செடியை வாடச்செய்யும் வெண்புழு, சாணவண்டின் உறவினமே. அதன் பழுப்பு வண்டு கோடைமழைக்குப் பின் அந்தியில் மண்ணைவிட்டெழுந்து வேப்பிலையைத் தின்னும். அப்போது கிளைகளை உலுக்கி, விழும் வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த நீரிலிட்டு அழிப்பது நல்ல முறை. தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டும் இக்குடும்பமே. அது நம் எருக்குழியிலேயே வளர்கின்றது. கொம்பு ஒன்றே பகைவனுக்கு அடையாளமன்று. ஆண் சாணவண்டுகள் சிலவற்றிற்கும் கொம்புண்டு. எதைத் தின்கின்றது என்று பார்த்தே இனம் பிரித்தல் வேண்டும். இலையிலும் வேரிலும் குருத்திலும் வாய் வைப்பது பகை. சாணத்தில் மட்டும் வாய் வைப்பது நட்பு. இவ்வேறுபாடறியாது வண்டென்றாலே நசுக்குவதும், கண்டவிடமெல்லாம் நஞ்சு தெளிப்பதும் தன் கையாலேயே தன் கூலியாளைக் கொல்வதாகும்.

மற்றோர் இடரும் உண்டு. 1980-கள் முதல் மாடுகளுக்குக் கொடுக்கப்பட்டுவரும் ஐவர்மெக்டின் என்னும் குடற்புழு மருந்தின் மிச்சம் சாணத்தில் இறங்கி, அதிலுள்ள வண்டின் புழுக்களைக் கொல்கின்றது. மருந்தை அறவே விலக்கச் சொல்வது நம் கருத்தன்று. நோயுற்ற மாடு பிழைத்தல் வேண்டும். தேவையறிந்து கொடுத்தலும், மருந்துண்ட மாட்டை மருத்துவர் கூறும் நாளளவும் மேய்ச்சலுக்கு விடாது கொட்டிலிற் கட்டுதலும் இருபுறமும் காக்கும் வழியாம்.

மாணவர்கள் இதனைத் தாமே சோதித்தறியலாம். மழைக்காலத்து விடியலில், மேய்ச்சலிடத்தில் ஒரே அளவான புதிய சாணக் குவியல் இரண்டைத் தெரிந்துகொள்க. ஒன்றை நெருக்கமான கம்பிவலையால் விளிம்பு மண்ணிற் புதைய மூடி, மற்றதைத் திறந்து விடுக. ஏழு நாள் இரண்டையும் எடையிட்டும், அடிமண்ணைக் கிளறிப் பார்த்தும் குறிப்பெழுதுக. திறந்த குவியல் விரைந்து குறையுமாயின், அவ்விடத்து வண்டுகள் உயிரோடிருந்து உழைக்கின்றன என்று அறியலாம். இரண்டும் ஒருபடித்தாகக் கிடந்து காயுமாயின், அவ்வூர் உழவருக்கு உரைக்கத்தக்க செய்தியொன்று நம் கையில் உண்டு. எகிப்தியர் இவ்வண்டை வணங்கினர். நாம் வணங்க வேண்டுவதில்லை; அறிந்து காப்பாற்றினாற் போதும்.