மேகம் மறைத்தால் என்ன செய்வது?

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு மாலை வானம் காட்ட நினைக்கிறோம். எப்போது, எப்படி நடத்தலாம்?
- ஓர் ஆசிரியை, பூரணாங்குப்பம்

பதில்: ஐப்பசி, கார்த்திகை வேண்டாம், மழை காலை வாரிவிடும். தை, மாசியில் வளர்பிறைப் பஞ்சமிக்கும் அஷ்டமிக்கும் இடையே ஒரு நாளைக் குறியுங்கள். பௌர்ணமி வெளிச்சத்தில் விண்மீன்கள் மங்கிவிடும். அரை நிலவில்தான் ஒளியும் இருளும் சந்திக்கும் விளிம்பில் நிலவின் பள்ளங்கள் நிழலோடு எடுப்பாகத் தெரியும்.

தெருவிளக்கைச் சற்று நேரம் அணைக்கக் கொம்யூன் பஞ்சாயத்தில் முன்பே கேட்டு வையுங்கள். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது ஆகும். யாராவது செல்போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

தொலைநோக்கி ஒன்று போதும். குட்டிப் பிள்ளைகள் ஏறி நிற்க முக்காலி போடுங்கள். இல்லையென்றால் குழாயைப் பிடித்துத் தொங்குவார்கள், நிலா ஓடிவிடும். வரிசையில் நிற்பவர்களுக்கு வெறுங்கண்ணிலேயே கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை, தெற்கே அகத்தியர் என்று காட்டுங்கள். திருவாதிரையில் பிறந்த பாட்டி தன் நட்சத்திரத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பார்!

மேகம் வந்தால் லெ ழாந்தி கதையைச் சொல்லுங்கள். வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காணப் பிரான்சிலிருந்து கிளம்பியவர். 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனதால் கடலிலேயே தவித்தார். அடுத்த வாய்ப்புக்கு எட்டு ஆண்டு காத்திருந்து, 1769 ஜூனில் புதுச்சேரியில் கருவிகளோடு நின்றார், மேகம் மறைத்துவிட்டது. ஆனாலும் சோழிகளை வைத்துக் கிரகணம் கணிக்கும் முறையை இங்கே தமிழரிடம் கற்றுக்கொண்டு போனார்.

உங்களுக்கு அவ்வளவு காத்திருப்பு வேண்டாம். அழைப்பிதழிலேயே மாற்றுத் தேதி ஒன்றையும் போட்டுவிடுங்கள்.