கொழுந்து நிறுவையும் கருதுகோள் சோதனையும்

கருதுகோள் சோதனைக் கணக்கில் சூத்திரத்தைத் தேடுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எந்த மாற்றமும் நடக்கவில்லை என்றே வைத்துக்கொண்டால், கையில் உள்ள அளவு அல்லது அதைவிட விலகிய தரவு தற்செயலாகக் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு? அந்த நிகழ்தகவைக் கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும்.

புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எண்கள் பயிற்சிக்காக அமைத்தவை. ஒருவர் ஒரு நாளில் எடுக்கும் கொழுந்தின் இடை 18 கிலோ, நியம விலகல் 3 கிலோ என்கின்றன பழைய நிறுவைப் பதிவுகள். கொழுந்தெடுக்கும் சுற்றின் நாள் இடைவெளியை மாற்றிய பின், எழுமாற்றாகத் தெரிந்தெடுத்த 36 பேரின் இடை 18.9 கிலோ. நிறை உண்மையிலேயே கூடிவிட்டதா?

முதலில் இரு கருதுகோள்களையும் எழுத வேண்டும். இடை இன்னும் 18தான் என்பது சூனியக் கருதுகோள். 18ஐ விடக் கூடியது என்பது மாற்றுக் கருதுகோள். அடுத்து பொருண்மை மட்டம். இங்கே 5 சதவீதம். பிறகு நியம வழு: நியம விலகல் 3ஐ, 36இன் வர்க்கமூலமான 6ஆல் வகுத்தால் 0.5. வித்தியாசம் 0.9ஐ இந்த 0.5ஆல் வகுத்தால் 1.8. பலர் இங்கே 3ஆலேயே வகுத்துவிட்டு 0.3 என்று எழுதிவிடுவார்கள். ஒருவரின் நிறை எவ்வளவு ஏறி இறங்குமோ, 36 பேரின் இடையும் அவ்வளவு ஏறி இறங்காது என்பதை மனதில் வைத்தால் அந்தத் தவறு வராது.

செவ்வன் பரம்பல் அட்டவணையில் 1.8க்கு மேலுள்ள பரப்பு 0.036. இது 0.05ஐ விடக் குறைவு. சூனியக் கருதுகோளை நிராகரிக்கலாம். ஆனால் “மாறியுள்ளதா?” என்று வினா கேட்டிருந்தால் பரம்பலின் இரு முனை வால்களையும் சேர்க்க வேண்டும். அப்போது நிகழ்தகவு 0.072, நிராகரிக்க முடியாது. ஒரே தரவு, இரண்டு முடிவுகள். அதனால்தான் ஒரு வாலா இரு வாலா என்பதைத் தரவைப் பார்க்குமுன் தீர்மானிக்க வேண்டும். பார்த்த பின் வசதியானதைத் தெரிவது நேர்மையான கணக்கு ஆகாது. 0.036 என்பது சூனியக் கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பும் அல்ல. அக்கருதுகோள் உண்மை என்று கொண்டால் இவ்வளவு அல்லது இதைவிடக் கூடிய நிறை கிடைப்பதற்கான வாய்ப்பு.

அட்டவணை இல்லாமலும் சோதனை செய்யலாம். பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரையா என்று சுவைத்தே சொல்வேன் என்ற பெண்ணைச் சோதித்த கதையைப் புள்ளிவிவரவியலாளர் ஆர். ஏ. ஃபிஷர் 1935இல் வெளியான நூலில் விளக்கினார். எட்டுக் கோப்பை, நான்கில் பால் முதலில். எட்டில் நான்கைத் தெரிய 70 சேர்மானங்கள். வெறும் ஊகத்தில் நான்கையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 1/70, அதாவது 0.014. மூன்றைச் சரியாகச் சொல்ல 16 வழிகள். ஆகவே மூன்றோ நான்கோ சரியாக வரும் வாய்ப்பு 17/70, ஏறத்தாழ 0.24. எனவே அந்த நான்கில் ஒன்று தவறினாலும் அவருக்குத் திறமை உண்டு என்று ஏற்க முடியாது.

எண் சரியாக வந்தாலும் மாதிரி பிழைத்தால் முடிவு பிழைக்கும். அந்த 36 பேரும் நல்ல மழைக்குப் பின் ஒரே மலையில் கொழுந்தெடுத்தவர்கள் என்றால், நிறையைக் கூட்டியது மழையா இடைவெளியா என்று எந்தச் சூத்திரமும் பிரித்துச் சொல்லாது. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஃபிஷருடன் வேலை செய்த டி. ஈடன் பின்னர் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து, தேயிலை வயற்சோதனைகளின் வழுக்களை ஆராய்ந்து 1930களின் தொடக்கத்தில் கட்டுரை வெளியிட்டார். ஒரே மாதிரியான நிலத்தில் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளை எடுத்து, எதற்கு எந்தப் பராமரிப்பு என்பதைக் குலுக்கலில் தீர்மானிப்பதே இப்படி விளைவுகள் கலந்துவிடுவதற்குப் பரிகாரம்.

விடையின் கடைசி வரியை “நிராகரிக்கப்படுகிறது” என்று நிறுத்தாமல், “5 சதவீத மட்டத்தில், இடைவெளியை மாற்றிய பின் கொழுந்தின் இடை நிறை கூடியுள்ளதற்குச் சான்று உண்டு” என்று முழுமையாக எழுதுங்கள்.