கில்னை நிறுத்தலாம்... அணு உலையை?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் படிக்கிற நமக்கு சிமென்ட் ஆலை புதுசு இல்லை. சுழலும் கில்னுக்குள்ளே சுண்ணாம்புக்கல் கலவை சுமார் 1450 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். உள்ளே பதித்த தீச்செங்கல்தான் வெளி உருளையைக் காப்பாற்றுகிறது. கல் பெயர்ந்தால் உருளையில் அந்த இடம் சிவக்கும். உடனே கில்னை நிறுத்தி, ஆறவிட்டு, ஆட்கள் உள்ளே போய் புதுக்கல் அடுக்கிடலாம்.

அணு உலையில் அது அவ்வளவு லேசில்லை. சீனாவில் 2023 டிசம்பரில் வணிக உற்பத்தியைத் தொடங்கிய எச்டிஆர்-பிஎம் உலையில், ஹீலியம் வாயு 250 டிகிரியில் உள்ளே போய் 750 டிகிரியில் வெளியே வருது. அழுத்தம், காற்றழுத்தத்தைப் போல சுமார் 70 மடங்கு. கில்னைப் பார்த்தா பாதிச் சூடுதான். ஆனா கதிரியக்கம் உள்ள இடத்தில் ஆள் இறங்க முடியாது. அதனால் பழுதை உலைக்கு வெளியிலேயே கண்டுபிடிக்கணும். இதற்குத்தான் சோதனைச் சுற்று: எரிபொருள் இல்லாமல், ஹீட்டரால் சூடாக்கிய ஹீலியத்தை, உலையில் உள்ள அழுத்தத்திலேயே பாகத்தின் வழியே ஓட விடுவாங்க.

முக்கியமா எதைப் பார்ப்பாங்க?

1. கசிவு: ஹீலியம் அணு மிகச் சிறியது. தண்ணீர் சோதனையில் தேறிய இணைப்புகூட ஹீலியத்தைக் கசியவிடலாம்.

2. உராய்வு: காற்றில் உலோகத்தின் ஆக்சைடு படலம் தேய்ந்தாலும் மறுபடி உருவாகும். சுத்தமான ஹீலியத்தில் அதற்கு வழியில்லை. உலோகமும் உலோகமும் ஒட்டிக்கொள்ளும், வால்வு இறுகிடும்.

3. தவழ்வு: நம்ம லேப் யூடிஎம்-இல் கம்பி சில நிமிடத்தில் அறுந்துடும். உயர்வெப்பத்தில் அதைவிடக் குறைந்த சுமையிலேயே உலோகம் மெல்ல மெல்ல நீளும். 1,00,000 மணி நேரச் சோதனை என்றால் 11 ஆண்டுக்கு மேல்!

4. சூடாகி ஆறுதல்: அடிக்கடி நின்று ஓடும் கில்னில் கல் சீக்கிரம் பெயரும். உலோக வெல்டிங்குக்கும் அதே சோதனைதான்.

கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் இதே முறைதான், ஆனால் அங்கே ஹீலியத்துக்குப் பதில் திரவ சோடியம். 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலைக்கான கட்டுப்பாட்டுத் தண்டு இயக்கிகளை முதலில் சோடியத்தில் இயக்கிப் பார்த்தாங்க. சோடியம் ஒளி புகாதது. உலைக்குள் சிக்கினால் எட்டிப் பார்க்கக்கூட முடியாது.

உங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் "450 டிகிரி தாங்கியது" என்று எழுதும் முன் மூன்று கேள்வி கேளுங்க: எந்த ஊடகத்தில்? எத்தனை மணி நேரம்? எத்தனை முறை சூடாகி ஆறியது? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் அது சோதனை.