குள்ளச் சிக்லிட்: ஆண், பெண் பார்க்க, குஞ்சு எடுக்கச் சில குறிப்புகள்

சென்னை கொளத்தூர் மாதிரியான வண்ண மீன் சந்தைகளில் ‘ராம்’, ‘கிரிப்’, ‘அபிஸ்டோ’ என்று விற்கிறார்களே, அவைதான் குள்ளச் சிக்லிட்கள். பெரும்பாலும் 10 செ.மீ.க்குள் நின்றுவிடும். 2 அடித் தொட்டியிலேயே முட்டையிட்டுக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும் இந்த மீன்களை ஒருமுறையாவது வீட்டில் வளர்த்துப் பார்க்க வேண்டும். முட்டை வரவில்லை என்றால் தண்ணீரைக் குறைசொல்லும் முன், தொட்டியில் உண்மையிலேயே ஒரு பெண் மீன் இருக்கிறதா என்று பாருங்கள்.

1. ராம், வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளின் ஒரினோகோ ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. பெண் மீனின் வயிறு இளஞ்சிவப்பாக இருக்கும். உடலின் நடுவிலுள்ள கரும்புள்ளிக்குள் நீலப் பொட்டுகள் மின்னும். ஆணின் முதுகுத் துடுப்பில் முன்பக்க முட்கள் நீண்டு நிற்கும். ‘எலெக்ட்ரிக் புளூ’, ‘கோல்டு’ வகைகளில் இந்த அடையாளங்கள் மங்கிவிடுவதால், முதன்முறை வளர்ப்பவர்கள் சாதாரண ராமையே வாங்குவது நல்லது.

2. ‘கிரிப்’ எனப்படும் கிரிபென்சிஸ் நைஜீரியாப் பக்கத்து மீன். பெண் குட்டையாக, உருண்டையாக, பழுத்த செர்ரி நிற வயிற்றோடு இருக்கும். ஆண் நீளமானது, அதன் முதுகுத் துடுப்பும் அடித் துடுப்பும் கூர்மையாக முடியும். தொடங்குபவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். ஓரளவு உப்புத்தன்மையுள்ள தண்ணீரையும் தாங்கும்.

3. அபிஸ்டோவில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பெரு நாட்டு அமேசான் பகுதியின் ‘ககட்டுவாய்டஸ்’ ஆணுக்கு முதுகுத் துடுப்பின் முன்முட்கள் கொண்டையாக எழும், வால் இரண்டு முனையாகப் பிரியும், உதடு தடித்திருக்கும். ‘அகாசிசி’ ஆணின் வால் நடுவில் ஒரே கூராக முடியும். ‘பொரெல்லி’யின் வால் வட்டம். பெண்கள் எல்லா இனத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரிவதால், வெவ்வேறு இனங்களை ஒரே தொட்டியில் கலக்கவே கூடாது. இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய ஆணுக்கு அடங்கிக் கிடக்கும் சின்ன ஆண்கள் நிறத்தையும் துடுப்பையும் அடக்கிக்கொண்டு பெண் போலவே தோன்றும். வயிற்றுப் பக்கம் உள்ள ஜோடித் துடுப்பைப் பாருங்கள். அதன் முன்விளிம்பு கருப்பாக இருந்தால் பெரும்பாலும் பெண்.

4. கடையில் “ஒரு ஜோடி கொடுங்க” என்று கேட்காதீர்கள். ராம், கிரிபென்சிஸ் என்றால் ஆறு இளங்குஞ்சுகளை வாங்கி, அவை தாமாகவே ஜோடி சேரும்வரை காத்திருங்கள். ககட்டுவாய்டஸ் ஓர் ஆணுக்குப் பல பெண் என்று வாழும் இனம். ஆணுக்கு இரண்டு, மூன்று பெண் மீன் வேண்டும். அதற்கு 3 அடித் தொட்டி வசதி. பொடிசாக இருக்கும்போதே முழு நிறத்தோடு ஜொலிக்கும் மீன்களை ஒதுக்கிவிடுங்கள். நிறத்துக்காக ஹார்மோன் கொடுத்து வளர்த்தவையாக இருக்கலாம்.

5. அடியில் கூழாங்கல் வேண்டாம், நன்றாகக் கழுவிய நைஸ் மணல் போதும். இவை மணலை வாயில் அள்ளிச் சலித்து இரை தேடும். மணலில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் கிளிஞ்சல் கலந்திருக்கிறது. தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிவிடும்.

6. அபிஸ்டோவும் கிரிபென்சிஸும் பொந்துக்குள், கூரையில் முட்டையை ஒட்டும். அரைக் கொட்டாங்குச்சியின் நாரைச் சுரண்டி, கொதிக்கவைத்து, விளிம்பில் பெண் மீன் நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு வாசல் வெட்டிக் கவிழ்த்து வையுங்கள். பெண் மீன் ஒன்றுக்கு ஒரு பொந்தாவது இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியாதபடி நடுவே கட்டையோ செடியோ இருக்கட்டும். ராமுக்குப் பொந்து வேண்டாம், தட்டையான கல் போதும்.

7. போர்வெல் தண்ணீர் கடினமாக இருந்தால் ஆர்.ஓ. தண்ணீர் கலந்து இறக்குங்கள். ராமுக்கும் அபிஸ்டோவுக்கும் டி.டி.எஸ். 150-க்குள் இருந்தால் முட்டை நன்றாகப் பொரியும். தெருவோரம் உதிரும் வாதாம் மரத்து இலைகளைக் காயவைத்து இரண்டு, மூன்று போடுங்கள். தண்ணீர் தேநீர் நிறமாகும். அழுகும் இலையில் உண்டாகும் நுண்ணுயிர்கள் குஞ்சுகளுக்கு முதல் இரை.

8. வெப்பம் குஞ்சுகளின் பாலினத்தையே மாற்றும். ரோமர், பைசன்ஹெர்ஸ் இருவரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு, 30-க்கும் மேற்பட்ட அபிஸ்டோ இனங்களில் இதைக் காட்டியது: வெப்பம் கூடினால் ஆண் கூடும், குறைந்தால் பெண் கூடும். சித்திரை வெயிலில் 30 டிகிரிக்கு மேல் போகும் தொட்டியில் ஆணாகவே கிடைப்பது இதனால்தான். அபிஸ்டோவுக்கு 25, 26 டிகிரி வேண்டும். தொட்டியின் மூடியைத் திறந்து, மேலே வலை கட்டி, நீர்ப்பரப்பில் சின்ன மின்விசிறிக் காற்று படவிட்டால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். ராமுக்கு நம் வெயில் கவலையில்லை, 28 டிகிரி அதற்குச் சுகம். கிரிபென்சிஸில் பிஹெச் முக்கியம். அமிலத் தண்ணீரில் ஆண் அதிகம். 7-ஐ ஒட்டி வைத்தால் இரண்டும் கிடைக்கும்.

9. அபிஸ்டோ பெண் பளிச்சென்ற மஞ்சளாகி, ஆணையே விரட்டினால் உள்ளே முட்டை இருக்கிறது என்று அர்த்தம். கொட்டாங்குச்சியைத் தூக்கிப் பார்க்காதீர்கள். இரண்டு, மூன்று நாளில் பொரியும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் குஞ்சுகள் நீந்தி வெளியே வரும். தாய் உடலைச் சிலிர்த்துக் காட்டியே கூட்டத்தை நடத்துவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒதுங்க இடமில்லாத தொட்டி என்றால் ஆணை மாற்றிவிடுங்கள். கிரிபென்சிஸில் மாற்ற வேண்டாம். அதில் தகப்பனும் குஞ்சு மேய்க்கும்.

10. முதல் ஈட்டு முட்டைகளைப் பெற்றோரே தின்றுவிட்டால் மனம் தளராதீர்கள். ராமில் இது சாதாரணம். தொட்டி முன் நடமாட்டத்தைக் குறைத்து, இரவில் மங்கலாக ஒரு விளக்கு விட்டு வையுங்கள். அடுத்தடுத்த ஈடுகளில் பல ஜோடிகள் தேறிவிடும்.

11. நீந்தத் தொடங்கிய குஞ்சுக்கு அப்போதே பொரித்த ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிர்தான் வேண்டும். தூள் தீவனத்தை நம்பி இருக்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் கல் உப்பு கரைத்து, ஆர்ட்டீமியா முட்டையைப் போட்டு, பாட்டிலில் காற்று விட்டால் ஒரு நாளில் பொரிந்துவிடும். மிதக்கும் ஓட்டை ஒதுக்கி, வலையில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, தினமும் மூன்று வேளை கொஞ்சமாகக் கொடுங்கள். ராம் குஞ்சு இன்னும் பொடிசு. முதல் சில நாள் ஜாவா பாசியில் அது தானே மேயட்டும்.

12. குஞ்சு இருக்கும் தொட்டிக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும் போதும். மற்றவை குஞ்சை உறிஞ்சிவிடும். மின்தடைக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். தண்ணீரை ஒரேயடியாக மாற்றாமல் தினம் பத்தில் ஒரு பங்கு மாற்றுங்கள்.

13. மூன்று, நான்கு மாதத்தில் ஆண் பெண் தெரியத் தொடங்கும். நண்பர்களுக்குக் கொடுக்கும்போது இனப் பெயரை எழுதி, ஆறாகக் கொடுங்கள். வேறொருவர் வளர்த்த அதே இனக் குஞ்சுகள் சிலவற்றைப் பதிலுக்கு வாங்கிக்கொண்டால் அடுத்த தலைமுறை உடன்பிறந்தவற்றுக்குள்ளேயே சுற்றாது.