குளிசைக்குப் பச்சைத் தண்ணீரே போதும்

கேள்வி: பிள்ளை வயிற்றில் இருப்பதால் கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசை தந்திருக்கிறார்கள். பிளேன்டீயோடு போடலாமா?
– வாசகி, பசறை

பதில்: வேண்டாம். உலகத்துக்கே கொழுந்து பறித்துத் தரும் ஊவா மலையில், இந்தக் குளிசைக்குப் பகை தேத்தண்ணிதான். சாயத்திலுள்ள டானின் இரும்போடு ஒட்டிக்கொண்டு, குடல் அதை உறிஞ்ச விடாது. 1975இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் இதை அளந்தே காட்டினார்கள்.

இராச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துத் தண்ணீரோடு விழுங்குங்கள். விட்டமின் சி குளிசையும் தந்திருந்தால் கூடவே போடலாம். இரும்பு உடம்பில் சேர அது உதவும். கல்சியம் குளிசையோ குறுக்கே நிற்கும். அதைக் காலைச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

தேத்தண்ணியை விட வேண்டியதில்லை, இரண்டு மணி நேரம் தள்ளிக் குடித்தால் சரி. மலம் கறுத்துப் போனாலும் பயப்படாதீர்கள். உறிஞ்சப்படாமல் மிஞ்சிய இரும்புதான் அது.