எல்.கே.ஜி.யில் சேர்க்கும்போதே ஆறாம் வகுப்பை யோசியுங்கள்

அம்மாவுக்கு வீட்டு வேலை, அப்பாவுக்கு ஆட்டோ. இப்படிப்பட்ட சென்னைக் குடும்பம் ஒன்று பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கக் கிளம்பினால் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. கட்டணம் கட்டிப் படிக்க வைக்கும் தனியார் பள்ளி, அதே மாதிரிப் பள்ளியில் ஆர்.டி.இ. எனும் கல்வி உரிமைச் சட்டம் மூலம் கிடைக்கும் 25 சதவீத இடம், எய்டட் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி. முதலாவதை விட்டுவிடுகிறேன். வட்டிக்கு வாங்கி எல்.கே.ஜி. கட்டணம் கட்டுவதற்கு எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

மீதி மூன்றிலும் கட்டணம் இல்லை, அல்லது சொற்பம். அதனால் பணத்தை வைத்து ஒப்பிட்டால் விடை வராது. காலையில் பிள்ளைக்கு யார் சாப்பாடு கொடுப்பது, பள்ளி விட்டதும் யார் கூட்டி வருவது, ராத்திரி வீட்டுப்பாடத்தை யார் பார்ப்பது, ஆறாம் வகுப்பில் பிள்ளை எந்தப் பள்ளியில் இருக்கும் என்ற கேள்விகளை வைத்துத்தான் பார்க்க வேண்டும். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. அதுதான் பெரிய கேள்வி.

ஆர்.டி.இ.யிலிருந்து தொடங்குவோம். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் அல்லாத தனியார் பள்ளிகள் எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பில் 25 சதவீத இடங்களை இலவசமாகத் தர வேண்டும். தமிழ்நாட்டில் இரண்டு பிரிவாக விண்ணப்பிக்கலாம். ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் உள்ளவர்கள் நலிவடைந்த பிரிவு. எஸ்.சி., எஸ்.டி., பி.சி., எம்.பி.சி. குடும்பங்கள் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு. இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. சாதிச் சான்றிதழே போதும் என்பது தெரியாமல் வருமானச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்தில் நாள்கணக்கில் காத்துக் கிடப்பவர்கள் உண்டு. தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகள், ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் ஆகியோருக்குக் குலுக்கலுக்கு முன்பே முன்னுரிமை உண்டு. சென்னையில் தூய்மைப் பணியில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தால் இந்த ஒரு வரியின் கனம் புரியும்.

இனி இதன் சங்கடங்கள். பள்ளி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். வாடகை வீட்டுக்காரர்களின் ஆதார் பழைய பேட்டை முகவரியிலேயே நிற்கும். விண்ணப்பம் திறக்கும் முன் அதை மாற்றிவிட வேண்டும். மனதில் வைத்திருக்கும் கான்வென்ட்டில் இந்த இடமே இருக்காது, ஏனென்றால் 2014-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்கு அளித்துவிட்டது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். குலுக்கலையும் அரசியல் தள்ளிப்போடும்: 2025-இல் மத்திய அரசு நிதி தராமல் இழுத்ததால் கோடையில் நடக்க வேண்டிய சேர்க்கை அக்டோபர்வரை போனது. அந்த இடத்தை நம்பி வேறு எங்கும் சேர்க்காமல் இருப்பது ஆபத்து.

இடம் கிடைத்த பிறகும் செலவு உண்டு. வேன், ஷூ, ஆண்டு விழா உடை, ஆக்டிவிட்டி நோட்டு என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். கட்டணம் எதையும் கேட்கக் கூடாது என்பது சட்டம், கேட்பது நடைமுறை. காலைச் சிற்றுண்டியும் சத்துணவும் அங்கே கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தச் சலுகை எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம், இல்லையென்றால் டி.சி.

எய்டட் பள்ளி பலருக்கும் பிடித்த நடுவழி. ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது, நிர்வாகம் தனியார் கையில். நகரின் பழைய, பெயர் பெற்ற பள்ளிகள் பலவும் இந்த வகைதான். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே கேட்டுக்குள் இரண்டு பள்ளிகள் இருக்கலாம். தமிழ் வழி வகுப்பு அரசு உதவி பெறும். பக்கத்து ஆங்கில வழி வகுப்பு சுயநிதியாக இருக்கும். சீருடை ஒன்று, பிரேயர் ஒன்று, சலுகை மட்டும் வேறு. சேர்க்கும் அன்றே அலுவலகத்தில், “இந்த செக்‌ஷன் எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?” என்று கேட்டுவிடுங்கள். காலைச் சிற்றுண்டித் திட்டம் 2025 ஆகஸ்டில்தான் நகர்ப்புற எய்டட் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அதுவும் உதவி பெறும் வகுப்புகளுக்குத்தான்.

மாநகராட்சிப் பள்ளியில் காலையிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். ஏழு மணிக்கு மூன்று வீட்டுப் பாத்திரம் தேய்க்கக் கிளம்பும் அம்மாவுக்கு, ஒன்றிலிருந்து ஐந்துவரை படிக்கும் பிள்ளை பள்ளியில் உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுவிடும் என்பது சின்ன விஷயமல்ல. மதியம் முட்டையோடு சத்துணவு. புத்தகம், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் இலவசம். பல பள்ளிகளில் எல்.கே.ஜி., ஆங்கில வழி வகுப்பு இரண்டும் இருக்கின்றன.

ஆனால் எல்லா மாநகராட்சிப் பள்ளியும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். போய்ப் பாருங்கள். ஐந்து வகுப்புக்கு எத்தனை ஆசிரியர்? கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, பிள்ளைகள் அதைப் பயன்படுத்துகிறார்களா? ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள்? ஐந்தோடு முடியும் தொடக்கப் பள்ளி என்றால், அடுத்து எந்த மேல்நிலைப் பள்ளி, நடக்கும் தூரமா, நடுவில் எந்தச் சாலையைக் கடக்க வேண்டும்? பெயர்ப் பலகையைவிட இந்தப் பதில்கள் அதிகம் சொல்லும்.

இப்போது ஆறாம் வகுப்பு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. இதில் சேர்கிறவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. தகுதி, ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளி இதில் அடங்கும், எய்டட் பள்ளி அடங்காது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றமும் இந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் கொஞ்சம் தாராளம். அவை எய்டட் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு.

ஆர்.டி.இ. பிள்ளைகளுக்கும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. தனியார் பள்ளியில் ஆறு முதல் எட்டுவரை ஆர்.டி.இ. இடத்தில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தால் 7.5 சதவீதத்துக்கும் புதுமைப்பெண்ணுக்கும் தகுதி உண்டு. ஆர்.டி.இ.யில் படித்ததற்கான சான்றை எட்டாம் வகுப்பு முடிந்த கையோடு எழுதி வாங்கிவிட வேண்டும். ஒன்பது, பத்து இரண்டையும் கடன் வாங்கிக் கட்டணம் கட்டி அங்கேயே முடித்துவிட்டு, பதினொன்றில் அரசுப் பள்ளிக்கு வரும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்குக் கடன் மிஞ்சும், சலுகை மிஞ்சாது.

என் முடிவு இது. ஆர்.டி.இ. பள்ளி நடக்கும் தூரத்தில் இருந்து, ஆங்கில வீட்டுப்பாடத்தைப் பார்க்க வீட்டில் ஒருவராவது இருந்தால் அந்த இடத்தை எடுக்கலாம். ஒன்பதில் மாறுவது என்று முதல் நாளே தீர்மானித்துக்கொண்டு. இருவரும் விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், ஆசிரியர்கள் இருக்கும் மாநகராட்சிப் பள்ளியே மேல். எய்டட் பள்ளியை ஐந்தாம் வகுப்புவரை தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு மேல் அங்கேயே தொடர்வதென்றால், 7.5-ஐ விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்தே தொடர வேண்டும்.

மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குப் பால்வாடிதான். மழலையர் பள்ளி என்ற பலகை மாட்டிய மாடிவீட்டு அறையில் காசு கொடுத்து விடுவதைவிட, சத்துமாவும் முட்டையும் தந்து எடை பார்க்கும் அங்கன்வாடி எவ்வளவோ மேல்.

மாலை நேரத்துக்குத் தெரு டியூஷன் அக்காவை எல்லோருக்கும் தெரியும். அவரிடம் அனுப்பும் முன் பக்கத்தில் இரவுப் பாடசாலை இருக்கிறதா என்று விசாரியுங்கள். வடசென்னையில் அம்பேத்கர் பெயரில் அந்தந்தப் பகுதி இளைஞர்களே நடத்துகிறார்கள். அங்கிருந்து கல்லூரிக்குப் போன அண்ணன்தான் பாடம் எடுப்பான். கொரோனா காலத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்புகள் முன்பு போல எல்லாத் தெருவிலும் இல்லை. மேல் வகுப்புப் பிள்ளைக்கு ஒற்றை அறை வீட்டில் படிக்க இடமில்லை என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு போய் உட்காரத் தனிப் பகுதியே உண்டு. 2024-இல் கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகம் குறைந்த கட்டணத்தில் அதே வசதியைத் தருகிறது. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வை எழுத வையுங்கள். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டுவரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். அரசு, எய்டட் பள்ளிப் பிள்ளைகள் மட்டுமே எழுத முடியும்.

குடிசையை எடுத்துவிட்டு மறுகுடியமர்வுக் குடியிருப்புகளான பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ அனுப்பினால் பள்ளியும் பாதியில் மாறும். பழைய பள்ளியிலிருந்து டி.சி. வரவில்லை என்று சொல்லி அரசுப் பள்ளி எதுவும் சேர்க்க மறுக்கக் கூடாது. ஆண்டின் நடுவிலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். மறுத்தால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கு அழையுங்கள். கட்டுமானத் தொழிலாளியோ வீட்டு வேலை செய்பவரோ நல வாரிய அட்டை வைத்திருந்தால் பிள்ளையின் படிப்புக்கு உதவித்தொகை கேட்கலாம். அட்டை காலாவதியாகியிருந்தால் விண்ணப்பம் செல்லாது என்பதால், முன்கூட்டியே புதுப்பித்துவிடுங்கள்.